டேங்கின் மூச்சு

அண்ணனை உள்ளே கிடத்தியிருந்தார்கள். அவள் பட்டறையில், நசுங்கிப்போன அவனுடைய ஜீப்பின் அடியில் மல்லாந்து கிடந்து ஒரு கிளிப்பை நெம்பிக்கொண்டிருந்தாள். வீட்டுக்கும் பட்டறைக்கும் நடுவே ஒரு கதவுதான். அதன் வழியே அழுகை வந்தது, கரைந்தது, மறுபடி வந்தது. தூங்காத கண்ணுக்கு ஜன்னல் வெயிலும் தூசியும் எல்லாமே கொஞ்சம் மிதந்தன.

"ஏம்மா, உள்ள அண்ணன் கிடக்கிறான். இப்பவும் உனக்கு ஸ்பேனர்தானா?"

சித்தப்பாவின் செருப்பு மட்டும் தெரிந்தது.

"இதோ வந்துட்டேன் சித்தப்பா."

"பழைய வண்டியைக் குடையாதீங்கன்னு அப்பவே சொன்னேன். யாரு கேட்டா?"

செருப்பு திரும்பிப் போனது. சித்தப்பா எல்லாவற்றையும் அப்பவே சொன்னவர்தான். காரியம் கெட்ட பிறகுதான் அது மற்றவர்களுக்குத் தெரியவரும்.

நேற்று பகலில் லாரிக்கு ஒதுங்கப்போய் ஜீப் பள்ளத்தில் உருண்டு தலைகீழாக நின்றது. அண்ணன்தான் அண்ணியின் சீட் பெல்ட்டைக் கழற்றிவிட்டான். அவன் கால் சிக்கியிருந்தது. பெட்ரோல் வாடை, எங்கேயோ சொட்டுகிற சத்தம். "பயப்படாத. தங்கச்சி வால்வு போட்டிருக்கா, டேங்க் கொட்டாது. என் கையை மட்டும் பிடிச்சுக்க" என்றானாம். அண்ணி பிடிக்கவில்லை. வெடித்துவிடும் என்று ஊர்ந்து வெளியேறி, ஓடி, தூரத்து மரத்தடியில் நின்றாள். ஆட்கள் வந்து பார்த்தபோது அவன் போய்விட்டிருந்தான். தீ பிடிக்கவே இல்லை.

இதை விடியும்போது அண்ணி அவளிடம் மட்டும் சொன்னாள். "நிஜமாவே கொட்டுச்சா? நீ பாத்துச் சொல்லு. நீ சொன்னா நம்புவேன்."

வால்வு கையோடு வந்தது. கட்டைவிரல் அளவுதான், டேங்க் மூச்சுவிடுகிற குழாயில் உட்காரும். உள்ளே ஒரு இரும்புக் குண்டு. வண்டி நேராக நின்றால் காற்று போய்வரும். கவிழ்ந்தால் குண்டு உருண்டு வாயை அடைத்துக்கொள்ளும், பெட்ரோல் வெளியே வராது. இன்ஜினுக்குப் பெட்ரோல் ஊட்டுகிற கார்புரேட்டரில் எப்போதும் நிற்கிற ஒரு டம்ளர் பெட்ரோல் வேறு கதை. அந்தப் பழைய வண்டியில் அது கொட்டத்தான் செய்யும்.

முதலில் இதை அண்ணனே மாட்டினான், தலைகீழாக. டேங்குக்குக் காற்று கிடைக்காமல் ஜீப் கொஞ்ச தூரம் ஓடும், நிற்கும். மூடியைத் திறந்தால் உஸ்ஸென்று பெருமூச்சு விடும். "டேங்குக்கு ஆஸ்துமா" என்றானே ஒழிய, தப்பாக மாட்டியதை ஒப்புக்கொள்ளவில்லை. அவன் பிடித்த முயலுக்கு மூன்றே கால். கடைசியில் அவள்தான் திருப்பி மாட்டினாள். மாட்டுவதற்கு முன் அவன் அதைக் கவிழ்த்து வாயில் வைத்துக் கன்னம் உப்ப ஊதினான். "ஏய் ஸ்பேனர்" - அவளை அவன் அப்படித்தான் கூப்பிடுவான் - "இது என்னை மூச்சே விட விடமாட்டேங்குது!" பட்டறையே சிரித்தது.

அவள் வால்வைச் சட்டையில் துடைத்து, நேராகப் பிடித்து ஊதினாள். மூச்சு போனது. கவிழ்த்தாள். உள்ளே டிக்கென்றது. கன்னம் வலிக்க ஊதியும் இழை காற்றுகூடப் போகவில்லை.

டேங்கின் மேல் பழைய தூசி கலையாமல் இருந்தது. கார்புரேட்டருக்குக் கீழே மட்டும் ஒரு சின்னக் கறை. சொட்டியது உடைந்த ரேடியேட்டரின் தண்ணீர். கொட்டவில்லை. அவன் சொன்னது சரி. அவளை நம்பித்தான் அப்படிச் சொன்னான்.

ஒரு நொடி அவளுக்குச் சந்தோஷமாகவே இருந்தது. அப்புறம்தான் மரத்தடியில் நின்ற அண்ணி நினைவுக்கு வந்தாள். வால்வைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

கட்டுப்போட்ட கையோடு அண்ணி சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். நேற்றிலிருந்து அவள் அவன் பக்கத்தில் போகவே இல்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் அதையும் பேசிக்கொண்டிருந்தார்கள். இவளைக் கண்டதும் அண்ணி தலையைத் தூக்கினாள்.

"பாத்தியா?"

"பாத்தேன் அண்ணி." "வால்வு அடைக்கல. டேங்க் மொத்தமும் கொட்டியிருக்கு. நீங்க தள்ளிப் போனதுதான் சரி. இல்லன்னா உங்களையும் சேத்துப் பறிகொடுத்திருப்போம்."

எல்லோருடைய பார்வையும் அவள் மேல் திரும்பியது.

"நான் அப்பவே சொன்னேன்" என்றார் சித்தப்பா.

"ஆமா சித்தப்பா. சொன்னீங்க."

அண்ணி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நல்ல கையைத் தரையில் ஊன்றி மெல்ல நகர்ந்து அவன் பக்கத்தில் போய், போர்வைக்குள் கைவிட்டு அவன் கையைத் தேடி எடுத்தாள். அப்போதுதான் அண்ணிக்கு அழுகை வந்தது.

"கொஞ்சம் உட்காரும்மா, ராத்திரியெல்லாம் நின்னுட்டே இருக்க" என்று யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். அவள் உட்காரவில்லை. அசைந்தால் பைக்குள் குண்டு சத்தம் போடும்.