படத்துக்கு அடியில் இருக்கும் சத்தம்

...குறைக்க வழியே கிடையாது, மூன்று மணி நேரக் கல்யாண வீடியோ கேசட் என்றால் மூன்று மணி நேரமும் ஓடித்தான் தீரும், பென்டிரைவில் இழுத்துப் போடுகிற மாதிரி இதை இழுத்துப் போட முடியாது, நாடா ஒரு சக்கரத்திலிருந்து அவிழ்ந்து இன்னொரு சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும் வேகம்தான் இதன் வேகம், விக்கிரமசிங்கபுரம் மில்லில் அப்பா காட்டிய நூல் கண்டுகள் மாதிரி, அவசரப்படுத்தினால் அறுந்துவிடும்... சரி, உட்காருகிறேன், என்று ஹெப்சிபா மனதுக்குள் சொன்னாள், முப்பது வருஷம் உட்கார்ந்தவளுக்கு மூன்று மணி நேரம் ஒரு கணக்கா? சாயங்காலம் மகள் கல்யாணத்தைப் பற்றிப் பேசப் போதகர், வீட்டுப் பேச்சில் ஐயர், வருவதற்குள் முடிந்துவிடும். சாப்பாட்டு மேசையில் மேலப்பாளையம் யஹ்யாவிடம் இரவல் வாங்கிய பழைய டெக், அதன் பின்னாலிருந்து படத்துக்கு ஒரு மஞ்சள் ஒயர், சத்தத்துக்கு ஒரு வெள்ளை ஒயர், இரண்டும் போய்ச் சேரும் கட்டைவிரல் அளவுப் பெட்டி, அங்கிருந்து மகள் பெர்லினின் பழைய லேப்டாப். அவ்வளவுதான் சமாச்சாரம். இதற்குத்தான் முருகன்குறிச்சி ஸ்டுடியோக்காரன் அப்படி ஒரு தொகை சொன்னான், சொன்னதோடு விட்டானா, பூஞ்சை பிடிச்சிருக்கு மேடம், தூக்கிப் போட்டுருங்க என்றான். தூக்கிப் போடவா? ஐந்து திருகாணிதான், பெர்லின் கல்யாணத்துக்குள் எல்லோருக்கும் போட்டுக் காட்டலாம் என்று போன வாரமே கழற்றி, செருப்புப் பெட்டிகளில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களோடு டப்பாவில் அடைத்து வைத்து, காய்ந்த பிறகு கண்ணாடி துடைக்கும் துணியால் நாடாவைப் பைய ஒற்றி ஒற்றிக் கையாலேயே சுற்றினாள். பள்ளிக்கூட ஆய்வகத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்த கை இது. யஹ்யாதான் சிரித்தான், ஒரு காலத்தில் கேசட் வாடகைக்கு விட்ட கடையில் இப்போது செல்போன் உறை விற்கிறவன், "டீச்சர், இது ஓடுச்சுன்னா எனக்கு ஒரு போன் போடுங்க, நம்ம கடை இன்னும் உசுரோடதான் இருக்குன்னு வீட்டுல சொல்லிக்கிடுதேன்."

ஓடியது. திரையில் கோடு கோடாக விழுந்து, துள்ளி, பிறகு நின்றது, பாளையங்கோட்டை வேதக்கோயில் வாசல், பந்தல், வெள்ளைப் பட்டில் தோள் ஒடுங்கிய ஒரு பெண்... நானா இது, இந்தக் கழுத்தா என் கழுத்து? இவளுக்கு அப்போது வேலை கிடைத்து மூன்று மாதம், கல்யாணத்துக்கு முந்தின வாரம்தான் மாப்பிள்ளையின் அக்கா மேபெல் வீட்டுக்கு வந்து, வேலையெல்லாம் இனி எதுக்குட்டி, தம்பி சம்பாதிக்கது போதாதா என்று பூவை நீட்டியபடி சொன்னாள், அன்று ராத்திரி இவள் ஆராதனைப் புத்தகத்தை எடுத்து வாக்குறுதியைப் படித்துப் பார்த்தாள், மாப்பிள்ளை சொல்ல வேண்டியதில் இல்லாத ஒரு சொல் பெண் சொல்ல வேண்டியதில் இருந்தது, கீழ்ப்படிந்து. அந்த ஒரு சொல்லைச் சொல்ல மாட்டேன் என்று அப்போதே முடிவு செய்தாள். சொல்லவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள், காதெல்லாம் இரைந்தது, போதகர் இரண்டு முறை கேட்டார், பிறகு விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டார், நல்ல மனுஷன், அதற்காகவே அவர் சாகும்வரை ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் அவர் வீட்டுக்குக் கேக் கொண்டு போனாள்.

அப்படியிருக்க நேற்று, இதே மேசையில், பெர்லின், "என் கல்யாணத்துல அந்த வார்த்தையை நான் சொல்ல மாட்டேன், ஐயர் வரும்போது சொல்லிடப் போறேன்" என்றதும் மேபெலுக்கு முகம் எப்படிப் போனது... "ஏட்டி, ஒங்க அம்மையே சொன்னா. நான் பக்கத்துலதான நின்னேன். அவளுக்கு மொளைக்காத கொம்பு ஒனக்கு மொளச்சிருக்கோ?" நான் சொல்லல மைனி, என்றாள் ஹெப்சிபா. "முப்பது வருசம் கழிச்சு மாத்திப் பேசாத. இந்தா இருக்காம்லா, இவன்ட்ட கேளு!" தேவதாசன் பேப்பரை மடித்தார், மடித்ததை இன்னொரு தடவை மடித்தார், அதெல்லாம் இப்ப எதுக்கு என்றார். எப்போதும் இதுதான், கணவர் என்று ஒருவர், வேலைக்குப் போகாதே என்று ஒருநாளும் சொன்னதில்லை, போ என்றும் சொன்னதில்லை, மேபெல் கத்தும்போதெல்லாம் பேப்பரை மடிப்பார். அதுகூடப் பரவாயில்லை, பழகிவிட்டது. பெர்லின் திரும்பிப் பார்த்தாளே ஒரு பார்வை, "யம்மா, நெசமாவே நீ சொல்லலையா?" என்று... அந்தப் பார்வையைத்தான் தாங்க முடியவில்லை. சின்ன வயதிலிருந்து அவளுக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்தது பொய்யா? என் வாய் சொன்னதா சொல்லவில்லையா என்று என்னை விட மேபெலுக்குத்தான் தெரியுமா? கேசட் இருக்குட்டி, ஐயர் வரட்டும், போட்டுக் காட்டுதேன் என்று எழுந்துவிட்டாள்.

ஆனால் இப்போது கேசட்டில் வருவதெல்லாம் பாட்டு! கீபோர்டில் வாசித்த ஏதோ ஒரு மெட்டு, ஊர்வலத்துக்கும் அதே, ஜெபத்துக்கும் அதே, பிரசங்கத்துக்கும் அதே, போதகர் வாயைத் திறந்து திறந்து மூடுகிறார், வருவதெல்லாம் கீபோர்டு. மாமனார் வேலை இது, மிக்சிங் கிக்சிங் ஒண்ணும் வேண்டாம்வே, கேமராக் கேசட்டையே குடும், பாட்டு மட்டும் போட்டாப் போதும் என்று கேமராக்காரரிடம் பேரம் பேசியது இன்னும் ஞாபகம் இருக்கிறது. இதோ வாக்குறுதி, கை கோத்து நிற்கிறார்கள், கேமரா மாப்பிள்ளை பக்கம், துட்டு கொடுத்தவர் பக்கம், அதனால் தேவதாசனின் தோள்தான் தெரிகிறது, தோளுக்குப் பின்னால் முக்காடு, முக்காட்டுக்குள் உதடு இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. கீபோர்டு வாசித்துக்கொண்டே போகிறது. முடிந்ததா? இவ்வளவு துடைத்ததும் சுற்றியதும் இதற்குத்தானா?

முடியவில்லை. டெக்கின் முகத்தில் மணி காட்டும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பச்சை எழுத்து எரிந்தது, ஹை-ஃபை. கேசட் போட்டதிலிருந்து எரிந்துகொண்டிருந்திருக்கும், இப்போதுதான் கண்ணில் பட்டது... இந்தக் கீபோர்டு கரகரவென்று ஒற்றைச் சத்தம், அதற்கு எதற்கு இந்த விளக்கு? போன வாரம் ராத்திரியெல்லாம் படித்தது நெஞ்சுக்குள் ஓடியது. நாடாவில் சத்தம் இருக்க இரண்டு இடம் உண்டு. ஒன்று ஓரம், மெல்லிய ஒரு கோடு, பாட்டுப் போடுகிறவன் அந்தக் கோட்டைத்தான் அழித்துவிட்டுப் போடுவான். நல்ல கேமராவாக இருந்தால் இன்னொரு இடமும் உண்டு, சுழலும் உருளை முதலில் சத்தத்தை நாடாவின் ஆழத்தில் எழுதும், எழுதிய கையோடு அதற்கு மேலேயே படத்தை எழுதும், சத்தம் அடியில், படம் மேலே, அதுதான் ஹை-ஃபை. படத்தை அழிக்காமல் அந்தச் சத்தத்தை எவனாலும் அழிக்க முடியாது. மிக்சிங்குக்குப் போயிருந்தால் வேறு கேசட்டில் ஏற்றியிருப்பார்கள், அங்கே இந்தச் சத்தம் இருந்திருக்காது. மாமா, உங்கள் கஞ்சத்தனத்துக்கு ஸ்தோத்திரம்! டெக்கைத் திருப்பினாள், பின்னால் தூசிக்குள் ஒரு சின்ன விசை, யஹ்யா அவன் கடைக் கேசட்டுகளுக்காக ஓரத்துச் சத்தத்திலேயே வைத்திருந்திருக்கிறான். தள்ளினாள்.

கீபோர்டு செத்தது. அந்த இடத்தில் ஒரு கோயிலே திறந்துகொண்டது, மின்விசிறிகள், ஒரு குழந்தையின் சிணுங்கல், யாரோ பெஞ்சை இழுக்கும் ஓசை, அப்பாவின் இருமல்... அப்பாவேதான், பஞ்சுத்தூசு இருமல், அதை யாரால் மறக்க முடியும்? கொஞ்சம் பின்னால் சுற்றி, லேப்டாப்பில் புதிதாகப் பதிவைத் தொடங்கி, ஹெட்போனை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். போதகர் குரல். அதைத் திருப்பிச் சொல்லும் ஒரு சின்னக் குரல், இவள் குரல், நன்மையிலும் தீமையிலும், வியாதியிலும் சுகத்திலும்... நேசித்து. நேசித்து. கீழ்ப்படிந்து. மின்விசிறி. கீழ்ப்படிந்து, மறுபடியும் போதகர், கொஞ்சம் அழுத்தி. மின்விசிறி, மின்விசிறி, வேறொன்றும் இல்லை. பார்த்தீர்களா? பார்த்தாயாட்டி பெர்லின்? நான் சொல்லவில்லை, என் வாய் எனக்குத் தெரியாதா, மேபெல் மைனி இங்கே வந்து இந்தக் காதில்... அப்போது கேமராவுக்கு மிகப் பக்கத்தில், மிகத் தாழ்வாக, ஓர் ஆண் குரல்.

"சொல்லிட்டா ஐயரே. மேல போங்க."

போதகர் அடுத்த வரிக்குப் போனார்.

நிறுத்தினாள், சுற்றினாள், மறுபடி கேட்டாள். சந்தேகமே இல்லை, பேப்பர் மடிக்கிறவர் குரல்தான். போதகர் விட்டுக்கொடுக்கவில்லை, அவருக்குச் சொல்லப்பட்டிருக்கிறது, அன்று காது இரைந்ததில் எனக்குத்தான் கேட்கவில்லை. இத்தனை கிறிஸ்துமஸ் கேக்கும் ஆள் மாறிப் போயிருக்கிறது. பக்கத்தில் நின்ற மேபெல் கேட்டது இதைத்தான், அவள் பொய் சொல்லவே இல்லை... அப்படியென்றால் இவர் என்னைக் காப்பாற்றினாரா? இருபத்தாறு வயதுப் பையன், சபை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும்போது கோயிலுக்குள் நின்று எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறான். அல்லது நான் வாயை மூடி எடுத்துவைத்த ஒன்றை, என்னிடம் இருந்த ஒரே ஒன்றை, எடுத்து அவன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டானா? நான் மாட்டேன் என்றது யார் காதிலும் விழவே இல்லையே, முப்பது வருஷமாக யாரை எதிர்த்து நின்றேன் நான்?

டீ கிளாஸோடு தேவதாசன் வந்து நின்றார். அவள் ஹெட்போனைப் பிடுங்கிவிட்டு ஒலியைக் கூட்டினாள், மேசையிலிருந்து அவருடைய இளவயதுக் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. கிளாஸை வைக்க இடம் தேடினார், ஒயருக்கும் டெக்குக்கும் நடுவில் வைத்தார்.

"பாட்டுப் போட்டதுல அழிஞ்சிருக்கும்னுல்லா நெனச்சேன்" என்றார்.

"அழியல."

"மேபெலக்கா அன்னைக்கு அங்கனயே சண்டைக்கு வந்திருப்பா, ஹெப்சி."

"வரட்டுமே. நான் சமாளிச்சிருப்பேன்லா?"

மடிக்க அவர் கையில் பேப்பர் இல்லை. வெளியே போதகரின் பைக் நின்றது, கேட் திறக்கும் சத்தம், பெர்லின் அவருக்கு ஸ்தோத்திரம் சொல்வது, அதற்கு மேல் மேபெலின் குரல். அந்த ஒரு துண்டை மட்டும் தனியாக வெட்டி எடுத்தாள், நேசித்து என்பதில் தொடங்கி மின்விசிறியோடு முடித்துவிடலாம், இரண்டு முறை கேட்டும் சொல்லாத பெண்ணோடு, அதுதான் நான் கேட்டது, அதுதான் பெர்லினுக்கு வேண்டியது... ஆனால் இவர் சொன்ன அந்த நாலு சொல்லை விட்டுவிட்டால் கேமராக்காரர் பாட்டுப் போட்டு மூடியதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அதையும் போட்டால் இவர், இத்தனை பேர் நடுவில், என்ன செய்வார்? வெட்டும் கோட்டின் மேல் விரல் நின்றது. செருப்பைக் கழற்றும் ஓசை வந்தது. விரலைக் கோட்டிலிருந்து எடுத்து, அவர் குரல் முடியும்வரை நீட்டி வைத்தாள், வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். அவர் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார், வாயைத் திறக்கப் போகிறவர் மாதிரியும் இருந்தது, முப்பது வருஷமாக அப்படியே நிற்கிறவர் மாதிரியும் இருந்தது.