திறக்கிறேன் என்று சொல்லுங்கள்

புத்தாண்டுக்குச் சாமி முன் வைத்த அரிசி உருண்டை, ஜனவரி பதினொன்றாம் தேதிக்குள் கல்லாகக் காய்ந்திருக்கும். அன்று காலை அதைச் சுத்தியலால் தட்டிக் கஞ்சியில் போடுவோம். கத்தி படக்கூடாது. 'பிளக்கிறது' என்ற சொல்லும் வரக்கூடாது, 'திறக்கிறது' என்போம். விறகைப் பிளக்கலாம், ஓட்டலில் சாப்பிடத் தரும் இரட்டைக் குச்சியைப் பிளக்கலாம், இதை மட்டும் கூடாது; பிளந்தால் வீட்டில் இருப்பவர்கள் பிரிந்துவிடுவார்கள் என்பார்கள்.

என் கணவர் கியோஹருவுக்கு இதெல்லாம் கேலி.

"பிளந்துடட்டுமா?" என்றார், சுத்தியலை ஓங்கி.

"திறக்கட்டுமான்னு கேளுங்க. நாக்கு தேஞ்சா போயிடும்?"

"பிளக்கறேன், பிளக்கறேன். இப்ப என்ன ஆயிடுச்சு?"

ஓங்கிப் போட்டார். பிளக்கும் சத்தம் பக்கத்து அறையிலிருந்து கேட்டது. உருண்டையில் கீறல்கூட விழவில்லை. மறுபடி போட்டார். மறுபடியும் அந்த அறையில்தான் சத்தம்.

"கூரையில பனி சரியுது. நீ போய்க் கஞ்சி அடிபிடிக்குதான்னு பாரு."

நான் எழவில்லை. திறந்த கதவு வழியே அந்த அறையின் நிலைக்கண்ணாடி தெரிந்தது. அதற்குள் உருண்டை இரண்டாகக் கிடந்தது. ஒரு பாதிக்கு முன்னால் நான் இருந்தேன். மறுபாதிக்கு முன்னால் அவர் உட்காரும் மெத்தை மட்டும் இருந்தது.

திரும்பினேன். அதே மெத்தையில், தோள் இடிக்க உட்கார்ந்திருந்தார்.

"என்ன அப்படி முழிக்கற?"

"ஒண்ணுமில்ல. திறக்கறேன்னு ஒரு தடவை சொல்லிடுங்க."

"சரிம்மா, திறக்கறேன். போதுமா?"

சுத்தியல் விழுந்தது. இந்த முறை உருண்டை என் முன்னாலேயே இரண்டானது. அவர் சிரித்தார்.

கண்ணாடியில் அந்த மெத்தை அமுங்கவே இல்லை.