பார்க்காமல் காத்த கடை

குற்றாலம் ஐந்தருவியில் பழக்கடை வைத்திருந்த நல்லதம்பிக்கு, ஐம்பத்தெட்டு வயதில், சாரல் காலத்தில் பார்வையின் நடுவே ஒரு மங்கல் விழுந்தது. எதிரே நிற்பவரின் முகம் கலங்கித் தெரிந்தது. கண் டாக்டர், "நடுப் பார்வைதான் கெட்டிருக்கு, ஓரப் பார்வை நல்லா இருக்கு" என்றார்.

"மூஞ்சி தெரியாம எப்படி யாவாரம் பண்ண? கடையை விட்டுருவோம்" என்று மனைவி வடிவம்மாளிடம் வருந்தினார்.

மறுநாள் அவர் அருவியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். தன்னை அவர் கவனிக்கவில்லை என்று நம்பிய குரங்கு ஒன்று, பக்கவாட்டில் மங்குஸ்தான் கூடையை நோக்கிப் பதுங்கி வந்தது. ஓரத்தில் ஏதோ அசைவது தெரிந்ததும், நல்லதம்பி தலையைத் திருப்பாமலே கம்பால் ஓங்கித் தரையில் அடித்தார். குரங்கு அலறிக்கொண்டு மரமேறியது.

வடிவம்மாளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நீங்க நேரா பாத்துக்கிட்டிருந்தப்போ தினமும் பழம் களவு போச்சு. இனி ஆளுகளை நான் பாத்துக்கிடுதேன், குரங்கை நீங்க பாருங்க."

கடை தொடர்ந்து நடந்தது. ஒரு வாரத்தில் பக்கத்துக் கடைக்காரர் அய்யாக்குட்டியும் தன் கூடையைக் கொண்டுவந்து நல்லதம்பியின் ஓரமாக வைத்தார்.

"அண்ணாச்சி, இதையும் கொஞ்சம் பாக்காம பாத்துக்கிடுங்க."