அக்காவைக் கடைசியில் கேட்கலாம் என்று

1.
இந்தக் கதை நான் கற்பனை செய்ததல்ல. அருங்காட்சியகத்தில் மழைக்கு ஒதுங்கியபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக் சொன்னது. "எழுதிக்கோங்க. ஆனா கடைசியில நல்லபடியா முடிச்சிடாதீங்க" என்றார். அதனால்தான் பேனா நகர மறுக்கிறது.

2.
"அவருக்குத் தன் அம்மாவின் முகமே தெரியாது" என்று தொடங்கி அடித்துவிட்டேன். பொய். வீட்டில் ஒரு கல்யாணப் படம் இருந்தது. இவர் கைக்குழந்தையாக இருக்கும்போதே அம்மா இறந்துபோனார். அப்பா அந்தப் பேச்சையே எடுத்ததில்லை. ஓய்வுக்குப் பிறகு அம்மாவின் தடயங்களைத் தேடிப் பதிவாளர் அலுவலகம், ஆவணக் காப்பகம் என்று மெக்கானிக் நாயாய் அலைந்தார்.

(அடுத்த தெருவிலேயே அவருடைய அக்கா இருந்தார். அம்மா போனபோது அவர் விவரம் தெரிந்த பெண். அவரைக் கேட்டால் என்ன என்கிறீர்கள். நானும் கேட்டேன்.)

"லிஃப்ட் நின்னுபோனா உள்ள மாட்டினவங்க ஆளுக்கொண்ணு சொல்வாங்க சார். அத நம்பி இறங்கினா விளங்கின மாதிரிதான். மொதல்ல நாம பாக்கணும், அப்புறம்தான் விசாரிக்கணும். அக்காவையும் அப்படித்தான் கடைசிக்கு வச்சேன்."

"எங்கிட்ட கேளேன்டா" என்பாராம் அக்கா. "இரு அக்கா, எல்லாம் கைக்கு வரட்டும்" என்பாராம் இவர்.

3.
அம்மா வேலை பார்த்த நூற்பாலையின் பழைய படங்கள் அருங்காட்சியகத்தில் இருந்தன. ஒன்றில் அம்மா, வாடிய முகத்தோடு. பக்கத்தில் இன்னொரு பெண், இடுப்பில் ஒரு குழந்தை. குழந்தையின் இடது காது மடங்கியிருந்தது. மெக்கானிக்கின் காதும் அப்படித்தான். தன்னைத் தூக்கி வைத்திருந்தவள் யார்? அவருக்கு அது தெரிந்தாக வேண்டும்.

காப்பாளர் ஒரு பிரதி கொடுத்தார். "அந்தக் காலத்து ஆளுங்க யாராச்சும் இருந்தா காட்டிப் பாருங்க."

அவர் காட்டவில்லை. ஆலையின் பதிவுகளைப் பார்த்துவிட்டு, பெயரோடு போய் அக்காவை அசத்தலாம் என்று—

(இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை. அதற்குள் அக்காவுக்குப் பக்கவாதம். பேச்சும் எழுதும் கையும் போய்விட்டன.)

4.
ஒரு முடிவு எழுதினேன்: அக்கா திக்கித் திணறி ஒரு பெயரைச் சொல்கிறார். பெயரைக்கூட நானே வைத்தேன். அடித்துவிட்டேன்.

இன்னொன்று: அக்காவுக்கு அடையாளமே தெரியவில்லை. இப்படி நடந்திருந்தால் மெக்கானிக்குக்கு எவ்வளவோ ஆறுதல். முன்பே கேட்டிருந்தாலும் கிடைத்திருக்காது என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம்.

நடந்தது வேறு. படத்தைப் பார்த்ததும் அக்காவின் முகம் மலர்ந்தது. விரல் அம்மாவைத் தாண்டி நேராக அந்தப் பெண்ணிடம் போய் நின்றது. பிறகு சொல்ல ஆரம்பித்தார். சத்தம் மட்டுமே வந்தது. நிறுத்தாமல் சொன்னார், நடுவில் எதற்கோ சிரித்தார், ஓரிடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முழுக்கதை.

அந்தக் கதையை என்னால் இட்டுக்கட்ட முடியும், மாட்டேன். உங்களுக்கு ஆசையிருந்தால் முயன்று பாருங்கள், மெக்கானிக் அடுத்துச் சொன்னதையும் கேட்டுவிட்டு.

"முடிச்சிட்டு என்னையே பாத்தாங்க சார், புரிஞ்சுதாங்கற மாதிரி. 'புரிஞ்சுது அக்கா'ன்னு சொல்லிட்டேன்."