ஓடி வந்தவனுக்குத் தண்ணீர்

பேயாண்டி ஓடுகிறார் என்றபோது காளவாசலில் ஒருத்தரும் நம்பவில்லை. யானை மரம் ஏறியது என்றால்கூட நம்பியிருப்பார்கள். மாட்டுத் தீவனக் கடையில் காலையில் உட்கார்ந்தால் கடை அடைக்கும்போதுதான் எழுந்திருப்பவர் அவர். மூட்டை நிறுக்கிற தராசில் ஒருநாள் விளையாட்டாக ஏறி நின்றார். பருத்திக்கொட்டை மூட்டையைவிடக் கனத்தார். எல்லாரும் சிரித்தார்கள், அவரும்தான். அடுத்த மாதம் கடைவாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தபோது யாரும் சிரிக்கவில்லை.

பிழைத்து வந்தவர் நெல்லுச்சோற்றை விட்டுக் கேப்பைக்கூழுக்கு மாறினார். வைகை மணலில் முதலில் நடந்தார், பிறகு ஓடினார். கருக்கலில் ஓடுகிறவனைத் திருடன் என்று நாய்கள் துரத்தின, இரண்டொரு முறை போலீஸ்காரரும் துரத்தினார். ஒரு வருஷத்தில் ஆள் பாதியானார். அத்தோடு விட்டாரா? டீக்கடைக் கருத்தக்கண்ணனையும் தொப்பை வைத்த நாலைந்து பேரையும் இழுத்துப்போய் ஓடவிட்டார். "ஓடி நின்னதும் தண்ணியக் குடிக்காதீக. மூச்சு அடங்கட்டும்" என்பது அவர் வைத்த சட்டம். சரியோ தப்போ, அதை மட்டும் யாரும் மீற முடியாது.

அவருக்கு இருந்த ஒரே கவலை தங்கச்சி அன்னக்கொடி. நாகமலைக்கு மேற்கே ஒரு சிற்றூரில் வாழ்க்கைப்பட்டவள். அண்ணனுக்கு இருந்த அதே உடம்பு. கால் வீங்கி, நாலெட்டு வைத்தால் இரைக்கும். இதயம் பலவீனம், உடம்பைக் குறைக்காவிட்டால் தாங்காது என்று டாக்டர் சொல்லியும் அவள் கேட்கவில்லை. "வத்திப்போனா சீக்காளிம்பாக. போற உசுரு சாப்பிட்டுட்டே போகட்டும்" என்றாள்.

வாயால் சொன்னால் ஏறாது, கண்ணால் பார்த்தால்தான் ஏறும் என்று பேயாண்டி முடிவு கட்டினார். உடம்பை இறக்கி, டவுனிலிருந்து ஓடியே போய் அவள் முன்னால் நிற்க வேண்டும். அதுவரை முகத்தைக் காட்டக் கூடாது. அந்த வருஷம் பொங்கல் சீரைக்கூட மனைவி முத்துத்தாயிடம் கொடுத்தனுப்பினார். ஒரு வார்த்தை சொல்லக் கூடாது என்று சத்தியமும் வாங்கிக்கொண்டார். அண்ணன் கையால் வருகிற சீர் அதுவரை மாறியதே இல்லை. பெரிய மனுஷனுக்குப் புத்தி எங்கே போனதோ தெரியவில்லை. டவுன் சந்தைக்கு வந்துபோன அவள் ஊர்க்காரன் ஒருவன், "ஒங்க அண்ணன் எலும்புந் தோலுமா ஆயிட்டாரு" என்று அவளிடம் சொல்லியிருக்கிறான். அது பின்னால்தான் தெரிந்தது.

மாசி மாதப் பனியில் தலையோடு துண்டைச் சுற்றிக்கொண்டு இருட்டிலேயே கிளம்பினார். கால்கள் சொன்னபடி கேட்டன. தங்கச்சி முகம் எப்படி மலரும் என்று நினைத்து நினைத்துத் தனியாகச் சிரித்துக்கொண்டே ஓடினார். ஊருக்குள் நுழையும்போது பலபலவென்று விடிந்துவிட்டது.

அந்தப் பக்கத்து ஊர்களில் விடியலில் டவுன் ரோட்டிலிருந்து ஒருவன் ஓடி வந்தால் கேதம் சொல்ல, இழவுச் சேதி கொண்டு வருகிறான் என்று அர்த்தம். அவன் வீட்டுக்குள் வர மாட்டான், தெருவில் நிற்பான். தண்ணீர் கொடுத்தாலும் வாங்க மாட்டான். பேயாண்டிக்குத் தெரியாததல்ல, அதே சீமையில் பிறந்தவர்தான். ஓடுகிற மப்பில் மறந்துவிட்டது.

சாணம் தெளித்துக்கொண்டிருந்த அன்னக்கொடி நிமிர்ந்து பார்த்தாள். துண்டுக்குள் முகம் தெரியவில்லை. ஒல்லியாக ஒருவன் தெருவிலேயே குனிந்து, முழங்காலில் கை ஊன்றி இரைத்தான்.

"யாருப்பா?"

அவருக்குச் சிரிப்பு முட்டியது, பேசத்தான் இரைப்பு விடவில்லை. அவள் உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். பழக்கத்தில் அவர் கை உயர்ந்து, வேண்டாம் என்று தடுத்தது.

செம்பு கீழே விழுந்தது.

"எங்கண்ணனுக்கா?" என்றாள் மெல்ல. பதில் வராததே அவளுக்குப் பதிலாயிற்று. "பொங்கலுக்கு வராதப்பவே நெனச்சேனே, என் கூடப் பொறந்தவனே" என்று மாரில் அடித்துக்கொண்டாள்.

"அன்னக்கொடி, நாந்தேன் தாயி, நாந்தேன்." துண்டை உருவி எறிந்தார்.

அவள் இரண்டு கையாலும் அவர் கன்னத்தைத் தடவினாள். தேடித்தேடித் தடவினாள்.

"அண்ணே, இம்புட்டு வத்திப்போனியே" என்று சொல்லி அப்படியே உட்கார்ந்தாள். அவர் காலில் தலையைச் சாய்த்தாள். அழுகிறாள் என்றுதான் நினைத்தார். அழட்டும் என்று முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டு வெளியே வந்த அவள் புருஷன் விருமாண்டி தூக்கிப் பார்த்தபோது தலை நிற்கவில்லை.

பெண்கள் கூடி அழத் தொடங்கினார்கள். விருமாண்டி அவரைப் பார்க்காமலே பேசினார்.

"மச்சான், அவ மேல போத்தப் பொறந்த வீட்டுக் கோடிச் சேல வரணும். நீங்கதேன் கொண்டாரணும். பஸ்ஸு வர நேரமாகும்."

"ஓடியே போறேன் மாப்ள."

வந்த வழியே ஓடினார். இளைத்த உடம்பு லேசாக ஓடியது. அவருக்கு அதை வெட்டி எறிய வேண்டும்போல இருந்தது. அவளைத் தேற்ற உடம்பை இறக்கியதெல்லாம் அவளைக் கொல்லத்தானா என்று கேட்டுக்கொண்டே ஓடினார். பழைய தொந்தியோடு மாட்டுவண்டியில் போய் இறங்கியிருந்தால், இந்நேரம் பணியாரம் சுட்டுப் போட்டிருப்பாள்.

காளவாசலில் கருத்தக்கண்ணனும் மற்றவர்களும் அன்றைய ஓட்டத்தை முடித்துவிட்டு டீக்கடையில் உட்கார்ந்திருந்தார்கள். பேயாண்டி ரோட்டுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டார்.

"என்னண்ணே, தங்கச்சி அசந்துபோச்சா?" கருத்தக்கண்ணன் சிரித்துக்கொண்டே தண்ணீர் டம்ளரோடு ரோட்டைத் தாண்டி வந்தான். பேயாண்டியின் கை உயர்ந்து தடுத்தது.

"தெரியும்ணே, மூச்சு அடங்கட்டும்" என்று டம்ளரைப் பிடித்தபடியே பக்கத்தில் நின்றான்.

மூச்சு அடங்கியது. டம்ளரை நீட்டினான். கை மறுபடியும் உயர்ந்து தடுத்தது.

கருத்தக்கண்ணனும் மேற்கத்திச் சீமைக்காரன்தான். அவர் முகத்தைப் பார்த்தான். தண்ணீரைத் தரையில் ஊற்றிவிட்டு, கேதத்துக்குப் போகிறவனைப்போலத் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டான்.