கவிழ்த்து வைத்த மூடி

வலது தோள் தீயாய் எரிந்தது. கல்லறைத் தோட்டத்தின் கதவு இன்னும் கண்ணில் படவில்லை. பெட்டி ஒன்றும் பெரிய பாரமில்லை. துறைமுகக் கிடங்கில் காலமெல்லாம் உப்பு மூட்டை சுமந்த உடம்புக்கு இதெல்லாம் ஒரு பாரமா? பக்கத்து மூலையைப் பிடித்திருந்த லாரி டிரைவர் ஒரு சாண் குட்டை. அவனுக்குச் சமமாகக் குனிந்தே நடந்ததில் மரம் தோளை விட்டு நகர்ந்து கழுத்தெலும்பில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

“அண்ணே, வேற ஆளு பிடிக்கட்டும். நீங்க மாத்திக்குங்க.”

“நான் எதுக்குடா மாத்தணும்? நீ கொஞ்சம் வளந்து தொலைச்சிருந்தா சரியா இருந்திருக்கும்.”

டிரைவர் அழுதுகொண்டே சிரித்துவிட்டான். பின்மூலைக்காரர்கள் உஸ் என்றார்கள்.

கூட மூட்டை தூக்கியவர்கள் அவருக்கு வைத்த பெயர் கிரேன். பெட்டிக்குள் படுத்திருந்தவள் அவர் மனைவி. கட்டட வேலையில் சாந்துச் சட்டி சுமந்தே முடி தேய்ந்தவள். வேலையை விட்டபிறகு, வீட்டுக்குப் பின்னால் கிடந்த துண்டு நிலத்தில் தக்காளியும் பீன்ஸும் வெள்ளரியும் போட்டு, அதில் புருஷனைக் கூலியாளாக வைத்துக்கொண்டாள். பாத்தி ஒரு விரல் கோணினாலும் மறுபடி வெட்டு என்பாள். அதனால் அவர் அவளை மேஸ்திரி என்று கூப்பிட்டார். தெருவும் அப்படியே கூப்பிட்டது. கூலி? வெயில் காலம் முழுக்க, பறித்த சூடு ஆறாத காயில் சமைத்த சாப்பாடு. அவருக்கு அது போதுமாயிருந்தது. போதும் என்று அவர் ஒருநாளும் அவளிடம் சொன்னதில்லை. இன்னொரு தட்டு கேட்பார், அவ்வளவுதான்.

மண்ணைப் போட்டுவிட்டுத் திரும்பும் வழியில் மகள் பேச்சை எடுத்தாள். அவள் பஸ் கண்டக்டர். துக்கத்திலும் குரல் கடைசி சீட்டு வரைக்கும் கேட்கும்.

“நாளைக்கு எங்கூட வந்துடுப்பா. இன்னிக்கே துணிமணி எடுத்து வச்சுக்க.”

“உங்க வீடு நாலாவது மாடி. தக்காளியை எங்க ஊனுறது? உன் மாமியார் தலையிலயா?”

“விளையாடாத. உனக்கு வெந்நி வைக்கத் தெரியுமா?”

“நானும் அவளும் சேந்துதான சமைச்சோம்?”

“நீ விறகு உடைச்ச. அம்மா சமைச்சா.”

அவள் சொன்னதில் பாதிதான் சரி. மீதிப் பாதியை விளக்கப் போனால் வேறொன்றையும் விளக்க வேண்டியிருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் பின்பக்கக் குழாயில் தலையை நனைத்தார். வெயில் காலத்தில் வீட்டுக்குள் அடுப்பு எரித்தால் மனிதர் இருக்க முடியாதென்று, கொல்லையில் நாலு கம்பு நட்டுத் தகரம் போட்டு, செங்கல் அடுக்கி அடுப்பு கட்டியிருந்தார்கள். அடுப்புக்குப் பக்கத்தில் அந்த அண்டா இருந்தது. டிரைவர் வீட்டு அண்டா. ஈரம் காய்ந்த துணி மூடி, கயிறு கட்டி, நேற்று வைத்த இடத்திலேயே இருந்தது.

நேற்றுக் காலை முழுக்க அவரும் அவளும் பறித்தார்கள், கழுவினார்கள், நறுக்கினார்கள். இந்த வருஷம் தக்காளி ஒரேயடியாகப் பழுத்துத் தள்ளிவிட்டது. நறுக்கியதில் உப்புப் போட்டு ஒருநாள் நிழலில் விட்டால் தண்ணீர் விடும். மறுநாள் அதைக் காய்ச்சி வற்றவைத்துப் பாட்டிலில் அடைத்தால் குளிர்காலம் தாண்டும். உச்சி வெயில் ஏறியதும் அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

“உப்பைப் போட்டுட்டு நான் கொஞ்சம் கண்ணசர்றேன். நீ போய் வெள்ளரிக்குத் தண்ணி விடுய்யா. அந்த வளைஞ்ச காய் இருக்குல்ல, அது இன்னிக்குப் பறிக்கிற பதம். முதல் காய் எனக்கு. நடுவுல வாயில போட்டுக்கிட்ட, தெரியும் சேதி.”

அவர் சீட்டியடித்தபடியே தண்ணீர் விட்டார். ஒவ்வொரு தூருக்கும் நிதானமாக, மண் குடித்து முடிக்கும்வரை நின்று விட்டார். காயைப் பறித்துக் கழுவி, நெடுகப் பிளந்து, குழாய்த்தொட்டி விளிம்பில் வைத்துவிட்டுப் போய் எழுப்பினார். பீன்ஸ் பந்தலின் நிழலில் கயிற்றுக் கட்டிலில், கையைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தாள். எழுந்திருக்கவில்லை.

இப்போது துணியை அவிழ்த்துக் குனிந்து மோந்தார். புளித்த வாடை இல்லை. ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். புளிப்பு தெரிந்தது, இனிப்பு தெரிந்தது. உப்பு தெரியவில்லை.

அது தெரியாது. உப்புக் கிடங்கில் அந்தத் தூசியையே தின்று தின்று நாக்கு வெடித்து, பிறகு ஒரு காய்ச்சல் வந்து எழுந்ததிலிருந்து உப்பு மட்டும் அவருக்குச் செத்துவிட்டது. கிடங்கை விட்ட புதிதில், அவள் போட்டுவிட்டுப் போன குழம்பில் இவர் மறுபடி போட்டு முழுப் பானையைக் கொட்டவேண்டி வந்தது. அன்றைக்குத்தான் மேஸ்திரி சட்டம் போட்டாள். உப்புப் போட்டவர் உப்பு ஜாடியின் மூடியைக் கவிழ்த்து வைக்கவேண்டும், குமிழ் உள்ளே போகும்படி. சமையல் இறக்கியதும் நிமிர்த்திவிடலாம். இரண்டு பேருக்குமட்டும் தெரிந்த சட்டம். “ஊருக்கெல்லாம் உப்பு மூட்டை தூக்கினவனுக்கு உப்பு தெரியலன்னா சிரிப்பாங்கய்யா” என்று அவளே அதை மூடி வைத்தாள்.

ஜாடியைப் பார்த்தார். மூடி நிமிர்ந்தே இருந்தது. குமிழ் வெளியே.

அப்படியானால் போடவில்லை. துணியைப் பிறகு வேறு யாரோ மூடிக் கட்டியிருக்கவேண்டும். போடுகிறேன் என்று சொன்னவள், மூன்று எட்டு நடந்து ஜாடியைத் திறக்கக்கூட முடியாமல் போய்ப் படுத்திருக்கிறாள். உடம்புக்கு என்னவோ செய்திருக்கிறது. கூப்பிட்டிருப்பாளோ? அவர் அப்போது சீட்டியடித்துக்கொண்டிருந்தார்.

அண்டாவைத் தூக்கி அடுப்பில் வைத்தார். பிறகு ஜாடிக்குள் கையை விட்டார். அவள் கைக்கு மூன்று பிடி. தன் கைக்கு இரண்டு போதும். போட்டார். மூடியைக் கவிழ்த்து வைத்தார். அடுப்பைப் பற்றவைத்தார்.

“மாமா, என்ன இது? இன்னிக்குப் போயி அடுப்பு!” கொழுந்தியாள் வெளியே வந்தாள். செத்தவளுக்குத் தங்கை, தையல் ஃபாக்டரியில் வேலை. கை சும்மா இருந்தால் காய்ச்சல் வந்துவிடும் அவளுக்கு. “தள்ளுங்க, நான் பாத்துக்கிறேன்.”

“நீ உக்காரு.”

“உங்களுக்குத் தெரியாது மாமா.”

“தெரியும். உக்காரு.”

மகளும் வந்து வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தாள். கன்னத்தில் கையை வைத்து, டிக்கெட் எடுக்காத ஆளைப் பார்ப்பதுபோல அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நன்றாகத்தான் செய்தார். அதில் பொய்யில்லை. விறகை இழுத்தும் தள்ளியும் தீயை ஒரே சீராக வைத்தார். பூண்டை நசுக்கிப் போட்டார். நீளத் துடுப்பால் அடிவரை துழாவினார். தகரம் வெயிலில் படபடத்தது. வியர்வை மூக்கு நுனியில் வந்து நின்றபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார். அண்டாவில் சொட்டினால் மேஸ்திரி கொன்றுவிடுவாள். சிவப்பு கருஞ்சிவப்பாகி, கொப்புளம் சோம்பேறித்தனமாக வெடிக்கத் தொடங்கியபோது அந்த வாசனை கொல்லையைத் தாண்டித் தெருவுக்குப் போயிற்று. வருஷா வருஷம் இந்த வாசனை வந்தால் தெருவுக்குத் தெரியும். தோள் வலி எப்போது விட்டது என்று அவருக்கே தெரியவில்லை.

வாசனை பிடித்துக்கொண்டு டிரைவர் ரொட்டியோடு வந்துவிட்டான்.

“அண்டா வாடகைக்கு வந்தியா?”

“ரெண்டு பாட்டில் தர்றேன்னு அக்கா சொல்லிருந்தாங்கண்ணே. நான் கேக்கல. அவங்க சொன்னதைச் சொல்றேன்.”

வெயில் சாயும் நேரத்தில் நாலு பேரும் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்தார்கள். கட்டிலில் யாரும் உட்காரவில்லை. ரொட்டியைப் பிய்த்து, சுடச்சுடக் கரண்டியால் ஊற்றிக் கொடுத்தார். தானும் பெரிய துண்டாக வாயில் போட்டுக்கொண்டு மகளின் முகத்தைப் பார்த்தார். அவள் மெல்வது பாதியில் நின்றது. கொழுந்தியாள் தண்ணீர்ச் செம்பை எட்டி எடுத்தாள்.

“எப்பிடி?” என்றார்.

“நல்லாருக்குப்பா.”

“உப்பு?”

“சரியா... இருக்கு.”

கண்ணில் நீர் கோர்த்திருந்தது அவளுக்கு. அம்மாவை நினைத்து அழுகிறாள் என்று அவர் ஒரு விநாடி நம்பினார். அதற்குள் டிரைவர் விழுங்கிவிட்டான்.

“அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. கடலையே காய்ச்சி வச்சிருக்கீங்க.”

மகளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. ரொட்டித் துண்டு மூக்கில் ஏறி இருமினாள். கொழுந்தியாள் அவள் முதுகில் தட்டிக்கொண்டே தானும் சிரித்தாள். நேற்றிலிருந்து அந்த வீட்டில் யாரும் அப்படிச் சத்தம் போடவில்லை. அவர் சிரிக்கவில்லை.

“ரெண்டு பிடிதான போட்டேன்.”

“அக்காதான் முன்னாடியே போட்டிருப்பாளே மாமா?”

“இல்ல. மூடி நிமிந்து இருந்துச்சு.”

“எந்த மூடி?”

கையைக் காட்டினார். கொழுந்தியாள் எழுந்து போய் ஜாடியைப் பார்த்தாள். “இதா? இது நேத்தும் இப்பிடித்தான் கவுந்து கெடந்துச்சு. என்ன அலங்கோலம்னு நான்தான் நிமித்தி வச்சேன். நேத்து எல்லாரும் உள்ள இருந்தப்போ... எனக்குக் கை நிக்கல, மாமா. பாத்திரமெல்லாம் தேச்சு வச்சேன்.”

அவர் விறகு பிளக்கும் கட்டையின் மேல் உட்கார்ந்தார். கட்டிலைப் பார்த்தார்.

“அப்போ போட்டுட்டுத்தான் படுத்திருக்கா.”

யாருக்கும் புரியவில்லை. அவருக்குப் புரிந்தது. உப்புப் போட்டிருக்கிறாள். மூடியைக் கவிழ்த்திருக்கிறாள். துணியை நனைத்து மூடிக் கயிறு கட்டியிருக்கிறாள். வேலையை முடித்துவிட்டு, சொன்னபடியே, கொஞ்சம் கண்ணசந்திருக்கிறாள்.

பிறகு நாக்கைப் பற்றிச் சொன்னார். சட்டத்தைப் பற்றியும் சொன்னார். மகள் வாயைப் பிளந்தாள்.

“இத்தனை வருஷமா? எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா? நாக்கைக் கழட்டி சர்வீஸுக்கு விட்டிருப்பியா?”

அவள் கைத்துணியால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அண்டாவை எட்டிப் பார்த்தாள்.

“இதை என்ன பண்றது? கொட்டிடலாமா?”

“கொட்டுறதா!” அவர் எழுந்துவிட்டார். “இன்னும் அவ்வளவு பழம் செடியில நிக்குது. உப்பில்லாம நறுக்கி இதோட சேத்துக் காய்ச்சினா சரியாப் போச்சு. வெளிச்சம் இருக்கும்போதே பறிக்கணும். டேய், கீழ்க் கொத்தெல்லாம் உனக்கு. உனக்குக் குனிய வேண்டியதில்ல.”

நாலு பேரும் பாத்திக்குள் இறங்கினார்கள். இலை வாசம் கையெல்லாம் பச்சையாக ஒட்டியது. “தூரை மிதிக்காத, ஓரமா வா, ஓரமா வா” என்று அவர் விரட்டினார். சொல்லி முடித்ததும் அது யாருடைய பேச்சு என்று அவருக்கே கேட்டது. கொழுந்தியாள் தையல் மெஷின் வேகத்தில் நறுக்கினாள். டிரைவர் இரண்டாவது அண்டா கொண்டுவந்தான். மகள் கரண்டியை ஊதி ஊதி நக்கினாள்.

“இன்னும் கரிக்குது. இன்னும் போடு... இன்னும் கொஞ்சம். ஆங், ரைட். போகலாம்.”

பாட்டில்கள் நிரம்பின. வீட்டிலிருந்தது போதாமல் பக்கத்து வீடுகளில் வாங்கினார்கள். டிரைவர் தன் இரண்டு பாட்டிலையும் கக்கத்துக்கு ஒன்றாக இடுக்கிக்கொண்டு, அண்டாவைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போனான். “இப்ப உயரம் சரியாப் போச்சுடா” என்றார் அவர். அண்டாவுக்குள்ளிருந்து ஏதோ பதில் வந்தது.

மகள் ஜாடி மூடியை நிமிர்த்தி, துணியால் துடைத்து, தகரக் கொட்டகையின் உயரமான பலகையில் வைத்தாள்.

“ஞாயித்துக்கிழமை எனக்கு டூட்டி இல்ல. வர்றேன். அதுவரைக்கும் சித்தி இருப்பா. நீ இந்த ஜாடியத் தொடாத.”

“துணிமணி எடுத்து வைக்கச் சொன்ன?”

“எதுக்கு?” என்றாள் அவள், முகத்தைத் திருப்பிக்கொண்டே. “எங்க வீட்டுல ஏது இடம்?”

அவர்கள் உள்ளே போனபிறகு கத்தியைக் கழுவத் தொட்டிக்குப் போனார். தொட்டி விளிம்பில், நேற்று வைத்த இடத்தில், பிளந்த வெள்ளரிக்காய் இரண்டு பாதியும் கிடந்தன. வெயிலில் சுருண்டு, எறும்பு மொய்த்து. அதை எடுத்து உதறி எருக்குழியில் போட்டார். வீணாக்கினால் அவளுக்குப் பிடிக்காது. கொடியை விலக்கிப் பார்த்தார். இலைக்கடியில் அடுத்த காய் விரல் நீளத்துக்கு, பூ உதிராமல் நின்றது. வாளியில் தண்ணீர் மொண்டு தூரில் நிதானமாக ஊற்றினார்.

மேஸ்திரிக்கு ஒரு வெள்ளரிக்காய் பாக்கி.