ஞாயிற்றுக்கிழமைப் புட்டி

கெட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவள் குழாயை மூடிவிட்டுக் கூடத்துப் பேச்சைக் கேட்டாள். அப்பா மறுபடி ஆரம்பித்துவிட்டார். தம்பியை அடக்கம் செய்துவிட்டு வந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் இது மூன்றாவது தடவை.

"நல்லாத்தான் இருந்தான். போன செவ்வாக்கெழமை அந்த கிளினிக்குக்குப் போனான், இந்த செவ்வாக்கெழமை குழிக்குள்ள இருக்கான். போதைய நிறுத்தறதுக்குப் போதையவே குடுக்கறானுங்க. இது ஒரு வைத்தியமா?"

நல்லா இருந்தானாம். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று வருஷமாக அந்த வீட்டில் நல்லா இருந்தது சுவர்க் கடிகாரம் ஒன்றுதான். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த தம்பி லிஃப்ட் குழிக்குள் விழுந்து முதுகெலும்பை ஒடித்துக்கொண்டான். ஆஸ்பத்திரியில் கொடுத்த வலி மாத்திரை வலியை மட்டுமா பிடித்தது, ஆளையே பிடித்துக்கொண்டது. அவர்கள் நிறுத்தியதும் வெளியே தேடினான். மாத்திரை போய்ப் பவுடர் வந்தது. அவன் கழிவறையில் தாழ் போட்டுக்கொண்டால் இவள் வெளியே நின்று எண்ணிக்கொண்டிருப்பாள். நூறு வரைக்கும் சத்தம் வராவிட்டால் கதவை இடிப்பாள்.

கிளினிக்குக்குப் போகலாம் என்று அவனாகவே சொன்னபோது அவளுக்கு நம்பிக்கையே வரவில்லை. பஸ் டிப்போவில் கெஞ்சிக் கூத்தாடி, தான் ஓட்டும் காலை முதல் வண்டியை வேறு டிரைவருக்கு மாற்றிவிட்டு, ஐந்து நாள் அவனோடு வரிசையில் நின்றாள். நர்ஸம்மா பவுடருக்கு மாற்றாகக் கொடுக்கும் மெத்தடோன் மருந்தைச் சின்னக் கோப்பையில் அளந்து, தன் கண் முன்னாலேயே குடிக்க வைப்பாள்.

"ஆரம்பத்துல கொஞ்சமாத்தான் குடுப்போம். உடம்பு பழகப் பழகத்தான் ஏத்த முடியும். குளிரும், தூக்கம் வராது, பல்லக் கடிச்சிட்டு இருங்க. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க. இது உடம்புல இருக்கும்போது பழசத் தொட்டா மூச்சு அடங்கிடும்."

தம்பி பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தான். நாலாம் நாள் இரண்டு முட்டை சாப்பிட்டான். ஐந்தாம் நாள் திரும்பி வரும்போது, "வேகத்தடைன்னு ஒண்ணு இருக்கே, அது பஸ்ஸுக்குத் தெரியற அளவுக்கு உனக்குத் தெரியறதில்லக்கா" என்றான். மூன்று வருஷத்தில் அவன் அவளைக் கிண்டல் செய்தது அன்றைக்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமை கிளினிக் கிடையாது. அன்றைய வேளைக்கு மட்டும் ஒரு சின்னப் புட்டி, பூட்டுப் போட்ட டப்பாவில். சாவி வீட்டில் ஒருவரிடம் இருக்க வேண்டும். ஞாயிறன்று அவளுக்கு டியூட்டி மாற்ற ஆள் கிடைக்கவில்லை. சாவியை அப்பாவிடம் கொடுத்து, "ஏழு மணிக்கு, நீங்க பாக்கக் குடிக்கணும்பா" என்றாள். அப்பாவும் தலையாட்டினார்.



கெட்டிலைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். கடைசி நாற்காலியில் ஸ்பானர் உட்கார்ந்திருந்தான். தம்பியோடு வேலை பார்த்தவன். ஒல்லியாக, தலை மட்டும் பெரிதாக இருப்பதால் அந்தப் பெயர். தோள்பட்டை வலிக்கு முதல் மாத்திரையைத் தம்பியிடம்தான் வாங்கிப் போட்டான்; அதோடு அவன் கதையும் அதே கதை ஆயிற்று. நாளைக் காலை ஆறரைக்கு அவன் கிளினிக்கில் சேர வேண்டும். பேர் பதிந்து சீட்டு வாங்கிக் கொடுத்ததே தம்பிதான்.

அப்பா அவன் பக்கம் திரும்பினார். "நீயும் அங்கதான் போறியாமே. வேண்டாம்பா. எம் புள்ள போனது போதும்."

"சரிங்கப்பா" என்றான் ஸ்பானர். சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்து நான்காக மடித்து, குடித்து முடித்த டீ கப்புக்குள் போட்டான்.

அவ்வளவுதான். அவள் கெட்டிலைத் தரையில் வைத்தாள்.

"அந்தச் சீட்ட எடு."

அவன் விழித்தான்.

"எடுடான்னா எடு. அப்பா, அன்னிக்கு நடந்தத நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"இன்னிக்கு வேண்டாம்மா" என்று சித்தி அவள் கையைப் பிடித்தாள். "எல்லாரும் இருக்காங்க."

"இருக்கட்டும் சித்தி. மூணு தடவ அவரு சொன்னப்பவும் எல்லாரும்தான் இருந்தாங்க." கையை உருவிக்கொண்டாள். "மருந்து குடிச்சு அவன் சாகல. ஞாயித்துக்கெழம அவனுக்கு மருந்தே குடுக்கல. இவரு டப்பாவத் தொறந்து, புட்டிய அப்படியே தொட்டியில கவுத்துட்டாரு."

கூடத்தில் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். அப்பா நாற்பது வருஷம் பிளம்பராக இருந்தவர். காய்ப்பு ஏறிய இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டார்.

"அவன் நல்லதுக்குத்தான் ஊத்தினேன்" என்றார். "அடைப்புன்னா முழுசா எடுக்கணும். பாதி எடுத்துப் பாதி விட்டா மறுபடியும் அடைச்சுக்கும். அஞ்சு நாள் தாக்குப் பிடிச்சவன் ஆறாவது நாளும் பிடிப்பான்னு நெனச்சேன்."

"அவன் உடம்பு என்ன உங்க பைப்பா, அப்பா?"

அவளால் நிறுத்த முடியவில்லை.

"நான் ரெண்டு மணிக்கு வந்தேன். மூக்கு ஒழுகி, வேர்த்து, காலை ஒதறிட்டுக் கெடந்தான். 'அப்பா ஊத்திட்டாருக்கா'ன்னான். அவ்வளவுதான் சொன்னான். கிளினிக்குக்குப் போன் போட்டா மணி அடிச்சுட்டே இருக்கு, எடுக்க ஆளில்ல. அவனப் பக்கத்துல உக்கார வச்சுப் பாத்திருக்கணும். நான் என்ன பண்ணேன்? சமையக்கட்டுல நின்னு இவரோட அரை மணி நேரம் சண்ட போட்டேன். நல்லா கத்தினேன். முன்கதவு தொறந்த சத்தம்கூட எனக்குக் கேக்கல."

தம்பி போனது, தானும் ஸ்பானரும் முன்பு லிஃப்ட் பராமரித்துவந்த பழைய கட்டடத்துக்கு. அதன் மொட்டைமாடி மோட்டார் அறைச் சாவி இன்னும் அவனிடம் இருந்தது. ஐந்து நாள் மருந்து உடம்பில் மிச்சம் இருக்க, அதன் மேல் பழைய பவுடர். சாயங்காலம் அவனைக் கண்டுபிடித்தவன் ஸ்பானர்தான்.

"நீங்க ஊத்தினீங்க, நான் விட்டேன்" என்றாள் அப்பாவைப் பார்த்து. "அதச் சொல்லுங்க. ஊரெல்லாம் சொல்லுங்க. கிளினிக் கொன்னுச்சுன்னு சொல்லி இவனையும் சேத்துக் கொல்லாதீங்க."

அப்பா எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வந்தவர்கள் ஒவ்வொருவராகச் செருப்பைத் தேடினார்கள். ஸ்பானர் ஈரமான சீட்டைப் பிரித்துப் பேன்ட்டில் ஒற்றினான்.

மறுநாள் ஆறேகாலுக்கெல்லாம் அவள் அவனோடு வரிசையில் நின்றாள். எட்டுப் பேர் முன்னால். அவன் நகத்தைக் கடித்து, கடிக்க நகம் இல்லாமல் விரலைக் கடித்தான். "ஓடிரலாம்னு இருக்குக்கா" என்றான். "ஓடித்தான் பாரேன்" என்றாள் அவள். அவன் ஓடவில்லை.

எதிர்ச் சாரியில் அப்பா நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தாரோ தெரியாது. நேற்றுப் போட்ட அதே சட்டை. சாலையைக் கடந்து வரவும் இல்லை, திரும்பிப் போகவும் இல்லை. அவள் தன்னைப் பார்த்துவிட்டதை அவரும் பார்த்தார். அவள் கூப்பிடவில்லை.

ஸ்பானரின் முறை வந்தது. நர்ஸம்மா அவனுக்குப் பின்னால் நின்றவளைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்து, பிறகு குனிந்து மருந்தை அளந்தாள். அவன் ஒரே மடக்கில் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான்.

"முழுங்கிட்டீங்களான்னு தெரியணும். ஏதாவது பேசுங்க."

"என்ன பேசறது?"

"எது வேணா பேசுங்க."

அவன் திரும்பி அவளைப் பார்த்தான். பிறகு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த நர்ஸம்மாவிடம் சொன்னான்.

"நாளைக்கு வரேன்."

நர்ஸம்மா பதிவேட்டில் ஒரு கோடு போட்டுவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.